எம்பிள்ளைய எதுக்கு எண்ணணும்

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்குக் காத்து ஒத்துக்கிடாது. பொம்பளையாளுக ரெண்டு பேரும் முன்சீட்டுல உக்காரட்டும், பிள்ளைய வெச்சுக்கிட்டு அதுதான் வசதி. என் வீட்டுக்காரி பிரம்மசக்தி பக்கத்துல உக்காந்துட்டா உங்க வீட்டம்மாவுக்கு ஒரு கவலையும் இருக்காது. பேசிக்கிட்டே வருவா. பஸ்ஸு தூத்துக்குடி போயிச் சேருற வரைக்கும் ஓய மாட்டா. என்னைய மாதிரி இல்லை. நான் அதிகம் பேசுற ஆளு கிடையாது, பாத்துக்கிடுங்க.

அவதான் சொன்னா. "அந்தத் தம்பி வாயே தெறக்க மாட்டேங்காரு, மொகமே செத்துப்போய்க் கெடக்கு, நீங்க பக்கத்துல உக்காந்து நம்ம கதையச் சொல்லிக்கிட்டு வாங்க"ன்னா. அதுக்காகத்தான் சொல்லுறேன். இல்லைன்னா இந்தக் கதைய நான் யாருகிட்டயும் சொல்லுறதில்லை.

என் பேரு பலவேசம். ஆட்டு வியாபாரம். எட்டயபுரம் சந்தையில வந்து பலவேசம்னு கேட்டாப் போதும், நான் நிக்கிற இடத்துல கொண்டாந்து விட்டுருவான். ஒரு கிடாய வயித்துக்கடியில கை குடுத்துத் தூக்கினேன்னா எடையச் சொல்லிருவேன். தராசு எல்லாம் அதுக்கப்புறம்தான்.

உங்க பிள்ளைக்கு இருக்குற மாதிரியேதான் எம்மகளுக்கும் இருந்துச்சு. மேலுதடு பிளந்து, உள்ள மேல்வாயும் சேராம. பேரு செண்பகவல்லி. இப்ப அஞ்சு வயசு ஓடுது, பள்ளிக்கூடம் போயிருக்கா. இந்த விஷயம் எங்க தெருவுல ஈ காக்காவுக்குத் தெரியாது தம்பி. அப்படி ரகசியமாக் காப்பாத்தி வெச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்லுறேன்னா, நீங்களும் அதே பாடு பட்டவரு, அதனால சொல்லுறேன்.

ஆமாப்பா, ரெண்டு பெரியாஸ்பத்திரி. முன்னால இருக்குறவங்களுக்கும் சேத்துக் குடு.

பாத்தீகளா இந்தக் கண்டக்டரு. "பாப்பாவுக்குப் பேச்சு இப்ப நல்லாத் தெளிஞ்சிருச்சாமே அண்ணாச்சி"ன்னு கேட்டுட்டுப் போறான். எங்க தெருக்காரன்தான். பொதுவாக் கேக்கான். அவனுக்கு டான்சில்னுதான் தெரியும்.

அவ பொறந்தது சந்தை நாளு. பக்ரீத்துக்கு முந்தின சந்தை வேற, கூட்டம் எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கிடுங்க. துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சு வெலை பேசிக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. பொம்பளப் பிள்ளைன்னாக. வெரல அப்படியே உருவிட்டு ஓடுனேன். ஆஸ்பத்திரி வாசல்ல எங்க அக்கா கோமதி நிக்கா. மொகம் சரியில்லை. உள்ள போனா, ஒரு நர்சம்மா துணியில சுத்தி எங்கையில குடுத்தாக.

பாத்தேன். கண்ணு நல்லாருக்கு. நெத்தி நல்லாருக்கு. தலை நெறைய முடி. மூக்குக்குக் கீழதான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் பாத்திருப்பீக.

நான் கலங்கலை தம்பி. ஆம்பளை கலங்கினா வீடு என்னத்துக்காகும். பிள்ளையப் பிரம்மசக்தி பக்கத்துல படுக்கப் போட்டேன், ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். டீக்கடையில கொஞ்சம் கூட்டம். திரும்பி வரப் பொழுதடைஞ்சு போச்சு. அவ தனியாத்தான் கெடந்தா, ஆனா பிள்ளை பெத்த உடம்புக்கு ஓய்வு வேணும்ல. நான் வரும்போது பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு அது மூக்கத் தொட்டுத் தொட்டு என்னமோ பேசிக்கிட்டு இருக்கா. சிரிக்க வேற செய்யுறா. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. இவளுக்கு வெவரம் இன்னும் பிடிபடலை போலன்னு நெனச்சேன்.

டாக்டர் வந்தாரு. இதை ஆபரேஷன்ல சரி பண்ணிரலாம், பிள்ளை கொஞ்சம் எடை ஏறணும்னாரு. அவரு பின்னாலேயே ஒரு பொண்ணு வந்து பிள்ளையப் பத்தி என்னென்னமோ கேட்டு எழுதிக்கிடுச்சு. இந்த ஜில்லாவுல ஒரு குறையோட பொறக்குற பிள்ளைக எல்லாத்தையும் கணக்கெடுக்கோம், வீட்டுக்கு ஆள் வந்து பாப்பாக அப்படின்னுச்சு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கணக்கெடுக்க இது என்ன மந்தையா. மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னேன்.

வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு. தெருவுல என்ன சொல்லுறது? அங்கதான் எம்மூளை வேலை செஞ்சுச்சு. பிள்ளைக்குக் கடுஞ்சளி, மொகத்துல காத்துப் படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு பரப்பி விட்டேன். மெல்லிசாத் துணியப் போட்டு மூடியே வெச்சிருந்தோம். எதிர்வீட்டு அம்மா ஒருத்தி பிள்ளையப் பாக்க வந்தவ, கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு, "சளிதான, ஒண்ணும் கவலைப்படாதீங்க, இப்பல்லாம் சளிக்கு நல்ல நல்ல ஆபரேஷன் வந்திருக்கு"ன்னு சொல்லிட்டுப் போச்சு. வெவரங்கெட்ட பொம்பளை. சளிக்கு யாராச்சும் ஆபரேஷன் பண்ணுவாகளா.

எங்க அக்கா வேற ஒண்ணு கெளப்பினா. இவ மாசமா இருக்கையில ஒரு கிரகணம் வந்துச்சுல்ல, அன்னைக்கு இவ கத்தியத் தொட்டிருக்கா, காய் அரிஞ்சிருக்கா, அதுதான் உதட்டுல விழுந்திருச்சுன்னு. நான் அதையெல்லாம் நம்புற ஆளு இல்லை தம்பி. வியாபாரத்துக்காக நாலு ஊரு போறவன். ஆனாலும் கேட்டு வெச்சுக்கிடுறதுல என்ன தப்பு? அன்னைக்கு ஏதாச்சும் அரிஞ்சியான்னு கேட்டேன். இல்லைன்னா. சாப்பிடும்போது நெனவு வந்து மறுபடியும் கேட்டேன். படுக்கும்போது ஒருக்கா. யோசிச்சுச் சொல்லட்டுமேன்னு மறுநாளும் கேட்டேன். அதுக்கப்புறம் அவ எங்கிட்டப் பேசுறதையே கொறச்சுக்கிட்டா. பச்ச உடம்புல்ல, அசதியா இருந்திருக்கும்.

இதெல்லாம் பெருசில்லை. பாலுதான் பெரும்பாடு. பிள்ளையால உறிஞ்ச முடியலை. உள்ள போற கொஞ்சப் பாலும் மூக்கு வழியா வந்துரும். பொறையேறி மொகம் நீலம் பாரிக்கும். அழுகைச் சத்தம் தேஞ்சுக்கிட்டே வருது. உங்க பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்துச்சாம்ல, அவ சொன்னா.

நான் பிள்ளையத் தூக்கிப் பாக்கேன். இந்தக் கை எத்தனை ஆட்டத் தூக்கியிருக்கும். முந்தாநாள் இருந்த கனம் இன்னைக்கு இல்லைன்னு கைக்குத் தெரியுது. அக்கா பிள்ளை நல்லாத்தான் இருக்குங்கா. கை வேற சொல்லுது. தூக்குறது, கீழ வெக்கிறது. திரும்பத் தூக்குறது, கீழ வெக்கிறது. சந்தைக்குப் போறதையே விட்டுட்டேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. யார்கிட்டச் சொல்ல? அப்புறம் தூக்கிப் பாக்கவே பயமாப் போச்சு தம்பி. தொட்டில்கிட்டப் போவேன், கைய நீட்டுவேன், எடுத்துருவேன்.

அந்தச் சமயத்துலதான் ஜெசிந்தா வந்துச்சு. ஆஸ்பத்திரியில எழுதினுச்சே, அந்தப் பொண்ணுதான். சின்ன வயசு. ஊரு நர்சம்மாவக் கூட்டிக்கிட்டு, பையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்குது. பிள்ளை எப்படி இருக்கு, பால் குடிக்குதான்னு கேக்குது. தெருவே பாக்குது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை.

"எம்பிள்ளைய எதுக்கு நீங்க எண்ணணும்? ஊரெல்லாம் நொண்டி மூளின்னு கணக்கெடுத்து எங்க ஒட்டப் போறீக?"ன்னு கேட்டேன்.

அது கோவிச்சுக்கிடலை. நிதானமாத்தான் சொல்லுச்சு. "எங்கயும் ஒட்ட மாட்டோம் அண்ணாச்சி. எண்ணாம விட்டா, அப்படி ஒரு பிள்ளை இருக்குன்னே யாருக்கும் தெரியாது. தெரியாத பிள்ளைக்கு யாரு வந்து பால் குடுக்கச் சொல்லித் தருவா?"

நான் விடலை. அரசாங்கம், ஓட்டு, அது இதுன்னு ஒரு பிடி பிடிச்சேன். அந்தப் பொண்ணு பையத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. செயிச்சுட்டோம்னு திரும்பிப் பாத்தா பிரம்மசக்தி வாசக்கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. என்னையப் பாக்கலை. தெரு முனையப் பாத்துக்கிட்டு நிக்கா.

மறுநாள் ஒரு சோலியா விளாத்திகுளம் போயிட்டு வாரேன். வீட்டுக்குள்ள நொழஞ்சா அந்த ஜெசிந்தா நடுவீட்டுல சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. மடியில எம்பிள்ளை. மொகத்துல துணியும் இல்லை ஒண்ணும் இல்லை. பிள்ளையச் சாய்க்காம நிமித்தி உக்கார வெச்சு, மூக்கு வெச்ச பாலாடைக் கிண்ணத்துல எடுத்துக் கடவாய் ஓரமா ஒழுக விடுது. ஒரு சொட்டு, பொறு, ஒரு சொட்டு, பொறு. நடுவுல தோள்ல போட்டுத் தட்டுது. பிரம்மசக்தி பக்கத்துல உக்காந்து கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டு இருக்கா. அப்புறம் இவ வாங்கிக் குடுத்தா. பிள்ளை முழுங்குற சத்தம் கேக்குது தம்பி. அது வரைக்கும் அந்தச் சத்தத்த எங்க வீட்டுல நாங்க கேட்டதே இல்லை. பாலாடை காலி. மூக்குல ஒரு பொட்டு வரலை. அப்படியே வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கிருச்சு.

இவதான் தகவல் சொல்லி வரச் சொல்லியிருக்கான்னு நெனைக்காதீங்க. இவளுக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பொண்ணா மனசு கேக்காம வந்திருக்கும். இவகிட்ட அதோட போன் நம்பர் எப்படி வந்துச்சுங்கிறதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை. சரி, நான் பெரிய மனசு பண்ணி ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன். தாயில்லாக் குட்டிகளுக்கு நானும்தான புட்டியில பால் குடுத்து வளக்கேன், அதே வித்தைதான், என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்.

அன்னைக்கு ஜெசிந்தா நெறையாக் கேள்வி கேட்டுச்சு. உங்ககிட்டயும் கேக்கும், சங்கடப்படாதீங்க. சொந்தத்துல கட்டுனதான்னுச்சு. ஆமா, எங்க மாமன் மகதான்னேன். மாசமா இருக்கும்போது காய்ச்சல் வந்துச்சா, என்ன மாத்திரை சாப்பிட்டா, மொளகாத் தோட்டத்துல மருந்தடிக்கும்போது நின்னாளா, எல்லாம் கேட்டுச்சு. காய் அரிஞ்சியான்னு மட்டும் அது கேக்கலை. எங்க அக்கா தானா எடுத்துக் குடுத்தா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா, கிரகணத்தன்னைக்கு உலகம் பூரா ஆக்கித் தின்னுக்கிட்டுத்தான் இருக்குன்னு சொல்லிருச்சு. பிரம்மசக்தி எந்திரிச்சுப் போயி எல்லாருக்கும் காபி போட்டுக் கொண்டாந்தா. ரொம்ப நாளைக்கப்புறம் எனக்கும் ஒரு டம்ளர் வந்துச்சு.

அப்புறம் எங்கிட்டயும் கேள்வி. நீங்க பீடி குடிப்பீகளா, வீட்டுக்குள்ள குடிப்பீகளான்னு. சொமக்கிறது அவ, எங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? இருந்தாலும் சொன்னேன். அப்புறம், உங்க ரத்த சொந்தத்துல யாருக்காச்சும் உதடு இப்படி இருந்திருக்கான்னுச்சு. எங்க வகையறாவுல கெடையவே கெடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்.

உடனே பிரம்மசக்தி, "உங்க சின்னையாவுக்கு?"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்கப்பா கூடப் பொறந்தவரு, எங்க சின்னையா, எப்படிப்பட்ட ஆளு தெரியுமா? இந்தப் பக்கத்துலயே அப்படி ஒரு மீசை கெடையாது. மேலுதட்ட அப்படியே மூடிக் கீழ தொங்கும். எழவு வீட்டுல கூட எடுக்க மாட்டேன்னுட்டாரு. அது ஒரு கம்பீரம். கஞ்சி குடிச்சாக்கூடத் திரும்பி உக்காந்துதான் குடிப்பாரு, அவ்வளவு கூச்சம். பேச்சு மட்டும் கொஞ்சம் மூக்கால வரும். அது பொடி போடுற பழக்கத்தால. இதை எல்லாம் நான் வெளக்கமாச் சொன்னேன். ஜெசிந்தா தலைய ஆட்டிக்கிட்டே எழுதிக்கிடுச்சு. என்னத்த எழுதினுச்சோ. வீட்டுல கெடக்குற பழைய கல்யாண போட்டோவ வேற பிரம்மசக்தி எடுத்துக் காமிச்சா. மீசையப் பாத்து ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிட்டாக.

அதுக்கப்புறம் பிள்ளை தேறிருச்சு. நான் தூக்கிப் பாக்கேன், கனம் தெரியுது. நேத்தைக்கு இன்னைக்குத் தெரியுது. ஜெசிந்தா தராசு கொண்டாந்து போடுறதுக்கு முந்தி நான் சொல்லிருவேன், சரியா இருக்கும். அது கூடச் சிரிச்சிருச்சு. ஆபரேஷனுக்கு வேண்டிய எடை வந்துருச்சு, நாள் குறிச்சிரலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாக.

அங்கதான் சிக்கல். எங்க அக்கா ஒரே பிடிவாதமா நிக்கா. பால் மணம் மாறாத பிள்ளை மூஞ்சியில கத்தி வெக்கக் கூடாது, நடந்து பேசி வளரட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்னு. எனக்கும் அதுதான் தோணுச்சு. பயம்னு இல்லை. எனக்குன்னு ஒரு யோசனை இருந்துச்சு. அந்த வருசச் சந்தை முடியட்டும், நல்ல நாள் பாக்கலாம்னு சொன்னேன். பிரம்மசக்தி உடனே சரின்னு தலைய ஆட்டினா. பிள்ளையக் குளிப்பாட்டினா, சட்டை மாத்தினா, ஒரு பைய எடுத்துக்கிட்டா. நான், அவ அம்மா வீட்டுக்குத்தான் போறா, ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்னு இருக்கேன். சாயங்காலம் போன் வருது. "ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன். வரணும்னா வாங்க."

அவ்வளவுதான் பேசினா. வச்சுட்டா.

இதை வெளிய கேக்குறவன் பொண்டாட்டி புருசன மதிக்காமப் போயிட்டான்னு சொல்லுவான். அது அப்படி இல்லை. என் மனசுல ஓடுறத அவ கண்டுபிடிச்சுட்டா. உள்ளுக்குள்ள எனக்கும் சீக்கிரம் முடிச்சிரணும்னுதான இருந்துச்சு. நான் வாய் தெறந்து சொல்லாதத அவ செஞ்சா. அப்படிப் பாத்தா முன்னால போன்னு அனுப்பி வெச்சது நான்தான்.

அங்க போயி வார்டுக்குள்ள நொழஞ்சேன் பாருங்க. தம்பி, அதுவரைக்கும் நான் என்ன நெனச்சிருந்தேன் தெரியுமா? உலகத்துல இப்படி ஒரே ஒரு பிள்ளை, அது எம்பிள்ளை. சாமி நூலப் பிடிச்சு அளந்து எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுருச்சு. அங்க போனா, வரிசையாக் கட்டில். கட்டிலுக்குக் கட்டில் அதே உதடு. ஒரு லாரி டிரைவர் பிள்ளை. பக்கத்துல ஒரு வாத்தியாரம்மா பிள்ளை. மணப்பாட்டுல இருந்து மீன் பிடிக்கிறவரு ஒருத்தரு, தோள்ல பிள்ளையத் தூக்கிப் போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்காரு. காயல்பட்டினத்து அம்மா ஒருத்தி, அது பிள்ளைக்கு ஒருக்கா ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவதுக்கு வந்திருக்கு, உதடு நம்ம உதடு மாதிரி இருக்கு. தையல் போட்ட கோடு மட்டும் மெல்லிசாத் தெரியுது. அந்தப் பிள்ளை என்னையப் பாத்து நாக்க நீட்டினுச்சு.

இவுகளை எல்லாம் யாரு இங்க கொண்டாந்து சேத்ததுன்னா, எல்லாரு வீட்டுக்கும் ஒரு ஜெசிந்தா போயிருக்கு. எல்லாரும் ஒருக்காத் தொரத்தி விட்டிருக்காக. அந்த மணப்பாட்டுக்காரரு நாய அவுத்து விட்டாராம். என்னைவிட ஒரு படி மேல. நாங்க ரெண்டு பேரும் வெளிய போயி டீ குடிச்சுக்கிட்டு இதைச் சொல்லிச் சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே இருந்தவரு திடீர்னு துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். டீக்கடையில புகை ஜாஸ்தி. எனக்கும் கண்ணு எரிஞ்சுச்சு.

பிள்ளைய உள்ள கொண்டு போகும்போது பிரம்மசக்தி எங்கையப் பிடிச்சுக்கிட்டா. பயந்துட்டா பாவம். பிடிச்ச கை விடலை. அவ கையா என் கையான்னு கேட்டா, அவ கைதான். வெளிய கொண்டாந்தாக. மூஞ்சி வீங்கிக் கெடக்கு, உதட்டுல நூலு. ஆனா உதடு ஒண்ணாயிருச்சு. அவ குனிஞ்சு பாத்தா, பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம், "அந்தப் பழைய சிரிப்பு போயிருச்சேங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா. எனக்குப் புரியலை. அந்தச் சிரிப்பப் போக்கத்தான இவ்வளவு பாடு. ஆனா பொறந்ததுல இருந்து அது மொகத்த அவ ஒருத்திதான நேராப் பாத்துக்கிட்டு இருந்தா, நாங்க எல்லாம் துணியத்தான பாத்தோம். அதனால இருக்கும்.

எப்போதும்வென்றான் தாண்டிருச்சா? இனிமே சீக்கிரம் போயிருவான்.

மேல்வாய்க்கு ஒரு வயசு தாண்டி இன்னொரு ஆபரேஷன். அதுவும் நல்லா முடிஞ்சது. எல்லாம் சரியாப் போச்சுன்னு இருந்தா, பேச்சு வரலை. வருது, ஆனா காத்து மூக்கு வழியாப் போயிருது. "ப" வராது. "ப"ன்னு சொன்னா "ம"ன்னு வரும். பல்லு, மல்லு. படி, மடி. அம்மாவ அம்மாங்கா, சரி. அப்பாவையும் அம்மாங்கா. வீட்டுல ரெண்டு அம்மா. சந்தையில வெச்சு எம்மக என்னைய "அம்மா"ன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்? அவனவன் மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கான்.

ஜெசிந்தா விடலை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துலயே பேச்சு சொல்லிக் குடுக்குற டீச்சர் ஒருத்தரு இருக்காக, அவுககிட்டக் கொண்டு போயி விட்டுச்சு. இன்னைக்கு நீங்களும் பாப்பீக. அவுக ஒரு வழி சொன்னாக. மெல்லிசு காகிதத்தக் கீத்துக் கீத்தா வெட்டி உதட்டுக்கு முன்னால பிடிக்கணும். "ப" சொல்லணும். காகிதம் ஆடணும். வாய் வழியாக் காத்து வந்தாத்தான் ஆடும். மூக்கு வழியாப் போனா சும்மா தொங்கும்.

அந்தக் காகிதம் எங்க வீட்டுல தொங்கினது மாதிரி எங்கயும் தொங்கிருக்காது. விடிஞ்சு எந்திரிச்சதும் காகிதம். கஞ்சி குடிச்சதும் காகிதம். நான்தான் பிடிப்பேன். சொல்லு, அப்பா. அம்மா. ம இல்லைத்தா, ப. உதட்ட ஒட்டி வெடிக்கணும், இந்தா இப்படி. நான் சொன்னா காகிதம் பறக்குது. அவ சொன்னா தூங்குது. சந்தைக்குப் போறப்பவும் மடியில நாலு கீத்துக் காகிதம் வெச்சிருப்பேன். எவனாவது என்னன்னு கேட்டா, பீடி சுத்துறதுக்குன்னு சொல்லிருவேன். பீடிய விட்டு அப்பவே வருசம் ஆயிருச்சு. அதுவும் யாருக்கும் தெரியாது.

போன தை மாசம். நான் முத்தத்துல உக்காந்து ஒரு வெள்ளாட்டுக்குக் குளம்பு வெட்டிக்கிட்டு இருக்கேன். அவ குட்டிய வெச்சு வெளையாடிக்கிட்டு இருக்கா. நான் விடுவனா? காகிதத்த எடுத்தேன். வாத்தா, ஒருக்காச் சொல்லிட்டுப் போ. வர மாட்டேங்கா. ஒரே ஒருக்கா. மாட்டேன். அப்பா சொல்லுத்தா தங்கம், அப்பா. அவளுக்கு எரிச்சல் வந்துருச்சு. குட்டியக் கீழ விட்டுட்டு, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, எம்மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டுச் சொன்னா:

"போப்பா."

காகிதம் அவ்வளவு தூரம் பறந்து ஆட்டு மேல விழுந்துச்சு.

ரெண்டு "ப" தம்பி. ஒண்ணு கேட்டோம், ரெண்டு குடுத்தா. உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்த பிரம்மசக்தி கையில சோப்பு நொரையோட வாசல்ல வந்து நின்னா. நான் இன்னொருக்காச் சொல்லுன்னேன். போப்பா. இன்னொருக்கா. போப்பா. போப்பான்னா. எம்பொறப்புல யாரும் என்னையப் போன்னு சொல்லி நான் அப்படிச் சந்தோசப்பட்டது கெடையாது. எந்திரிச்சேன், நெசமாவே போயிட்டேன். தெரு முனை வரைக்கும் போனேன். டீக்கடையில நின்னு எம்மக என்னையப் போப்பான்னுட்டாய்யான்னு சொன்னேன். கடைக்காரன் கைய ஓங்கி பாய்லர்ல தட்டினான். பெஞ்சுல இருந்த பூரா பேரும் எந்திரிச்சு எங்கையப் பிடிச்சுக் குலுக்குறான். நான் அவங்ககிட்ட விஷயமே சொன்னதில்லை, எதுக்கு அவ்வளவு சந்தோசப்பட்டாங்கன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. நல்ல மனுசங்க.

அதுக்கப்புறம் பிரம்மசக்தி ஜெசிந்தா கூடவே சேந்துக்கிட்டா. எங்கயாச்சும் இப்படி ஒரு பிள்ளை பொறந்திருக்குன்னு தெரிஞ்சா அது இவளுக்குத்தான் மொதல்ல போன் பண்ணுது. இவ கெளம்பிப் போயி அந்த வீட்டுல உக்காந்து பாலாடையில குடுத்துக் காமிச்சிட்டு வாரா. உங்க வீட்டுக்கு வந்தாள்ல, அப்படித்தான். நீங்க மொத நாள் கதவத் தெறக்கலையாம். அவ ஒண்ணும் நெனச்சுக்கிடலை. பொழுது போகாமத்தான் இதெல்லாம் செய்யுறா, செஞ்சிட்டுப் போறா. நான் எதுலயும் தலையிடுறதில்லை. வீட்டுல எதுவும் என்னையக் கேட்டுத்தான் நடக்கும், ஆனா கேக்கணும்னு நான் கட்டாயப்படுத்துறதில்லை.

இந்தா குறுக்குச்சாலை வந்துருச்சு. என்ன தம்பி, எதுக்கு எந்திரிக்கீக? நம்ம எறங்குற எடம் இன்னும் வரலை. உக்காருங்க. டீ அங்க போயிக் குடிக்கலாம். இங்க எறங்கினா டீக்கடையில கூட்டமா இருக்கும், பஸ்ஸ விட்டுருவீக.

ம்? நல்லாக் கேட்டீக. அங்க போனதும் மொதல்ல என்ன பண்ணுவாகன்னா, ஒண்ணும் பண்ண மாட்டாக. வாசல்லயே ஜெசிந்தா நிக்கும். பேர் கேக்கும். உங்க பேரு இல்லை, பிள்ளை பேரு. பொறந்தன்னைக்குத் தாய் பேரப் போட்டு அவளோட குழந்தைன்னு எழுதியிருப்பாக. பல பேரு அதை அப்படியே விட்டுருதாக. வெக்கலாம், வெக்கலாம், எல்லாம் சரியாகட்டும்னு. ஜெசிந்தாவுக்கு அது மட்டும் பிடிக்காது. பேரு இல்லாம உள்ள விடாது.

என்ன, இன்னும் வெக்கலையா?

பையன்தான? சரி, இப்ப என்ன, தூத்துக்குடி வர இன்னும் நேரம் கெடக்கு. ஒண்ணும் தோணலைன்னா, அந்தா முன்சீட்டப் பாருங்க. உங்க வீட்டம்மா பிள்ளை காதுகிட்டக் குனிஞ்சு என்னமோ கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொஞ்சிக்கிட்டு வருது. சும்மா கூப்பிடாது. எதையோ சொல்லித்தான் கூப்பிடுது. என்னன்னு எனக்கு இங்க இருந்து கேக்கலை.

எந்திரிச்சுப் போயிக் கேட்டுட்டு வாங்க. நான் எடத்தப் பாத்துக்கிடுறேன்.